பிடியரிசியும் பத்தில் ஒரு பங்கும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், தொழிலாளி எவ்வளவு பெற்றான் என்பதையும், பெறவேண்டியதில் எவ்வளவு அவன் கைக்கு வராமலே போயிற்று என்பதையும் நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. வறுமையில் உழல்பவனிடம் கொடையைப் பற்றிப் பேசுவது பரிகாசமாகத் தோன்றும் என்ற தயக்கமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும், நுவரெலியாவிலிருந்து நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை என்று மலைச்சரிவுகளினூடே செல்லும் வழியிலுள்ள சிறிய தமிழ்க் கிறிஸ்தவச் சபைகள் எவர் பணத்தால் தொடங்கின, பின்னர் எவர் பணத்தால் நிலைபெற்றன என்று விசாரிக்குமிடத்து, அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. தோட்டத்தில் நாளைப் பதிந்தவர் கணக்கப்பிள்ளை. கடனை எழுதிவைத்தவர் கங்காணி. அரிசியை அளந்து அதன் விலையைக் கூலியில் கழித்தது தோட்ட நிர்வாகம். இவ்வாறு தன் வாழ்வின் கணக்கு முழுவதும் பிறர் கையிலிருந்த ஒரு குடும்பம், தன் கையால் தானே பிரித்து வைத்த பங்கு ஒன்று உண்டென்றால், அது கொடைக்கென ஒதுக்கிய பங்கே. அப்பங்கின் வரலாற்றையே இங்கு சற்று விரிவாகக் காண முற்படுகிறோம்.

பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குரியதாகப் பிரித்து வைக்கும் நியமம் வேதாகமத்தில் மிகப் பழைமையானது. ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்ததாக ஆதியாகமம் கூறும் தசமபாகமும், நிலத்தின் விளைவிலும் மந்தையின் பெருக்கிலும் பத்திலொன்று கர்த்தருக்குப் பரிசுத்தமானது என்னும் லேவியராகம விதியும், அதனைப் பண்டகசாலைக்குக் கொண்டுவரும்படி மல்கியா தீர்க்கதரிசி இடித்துரைத்ததும் கிறிஸ்தவர் யாவரும் அறிந்தவை. புதிய ஏற்பாட்டிலோ இந்த விகிதம் கட்டளையாக வற்புறுத்தப்படவில்லை. வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதைத் தன்னிடத்தில் சேர்த்து வைக்கவேண்டுமென்று கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், வருத்தத்தோடும் கட்டாயத்தோடும் கொடுப்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு காசு போட்ட ஏழை விதவையோ பத்திலொன்றையன்று, தனக்கிருந்த அனைத்தையும் போட்டாள். ஆகவே, விகிதம் ஒன்று, மனவிருப்பம் மற்றொன்று என்று இரண்டு நெறிகள் கிறிஸ்தவ மரபினுள் தொடக்கமுதலே அருகருகே நிற்கின்றன. மலையகத்திலும் இவ்விரண்டும் மாறிமாறித் தலையெடுத்ததைக் காண்போம்.

தமிழருக்கும் இக்கருத்து அந்நியமானதன்று. இல்வாழ்வானுடைய பொருள் தனக்கு மட்டும் உரியதன்று என்பதையும், தெய்வம், விருந்து, சுற்றம் முதலியவற்றோடு அவன் அதனைப் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டவன் என்பதையும் வள்ளுவர் குடும்பத்தின் இலக்கணமாகவே வகுத்திருக்கிறார். தென்பாண்டி நாட்டு வணிகச் சமூகங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு விகிதத்தை மகமை என்று பொதுநிதிக்கு ஒதுக்கின. விருதுநகர் முதலிய இடங்களில் பள்ளிக்கூடங்களுங்கூட மகமையாலும், வீடுதோறும் உலையிலிடுமுன் எடுத்துவைத்த பிடியரிசியாலும் வளர்ந்தன. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் பரவியபோது அது இப்பழக்கங்களின்மீதே ஊன்றி நின்றது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் ஏற்படுத்திய தர்ம சங்கம், மதம் மாறியதால் இடையூறு அடைந்தவர்களுக்கு நிலம் வாங்கி வீடுகட்டக் கொடுத்து, தனிக் கிராமங்களை உண்டாக்கிற்று. பின்னர் சபையின் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதற்குச் சங்கக் காணிக்கையும், ஆண்டிற்கொருமுறை நன்றி செலுத்தும் ஸ்தோத்திரப் பண்டிகையும் வேரூன்றின. தன்னைத் தானே ஆதரித்துக்கொள்ளாத சபை சபையாகாது என்பது சர்ச் மிஷன் சங்கத்தின் காரியதரிசியாக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென் என்பவரின் கொள்கை; அக்கொள்கை தமிழகத்தில் முளைத்துத் தழைத்த நிலங்களுள் திருநெல்வேலியே முதன்மையானது எனலாம்.

இங்கே இங்கிலாந்தின் நிலையையும் ஒருவாறு நோக்குதல் தகும். அந்நாட்டில் தசமபாகம் என்பது பக்தியின் அடையாளமாக அன்றி, குடியானவன் செலுத்தியே தீரவேண்டிய வரியாகவே நூற்றாண்டுக் கணக்காக இருந்து வந்தது. தானியமாகச் செலுத்திய அவ்வரியை 1836-ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றிற்று. அதே காலத்தில் அயர்லாந்தில் அவ்வரியை எதிர்த்துக் கலகங்கள் நிகழ்ந்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. ஆலயப் பராமரிப்புக்கென விதித்த கட்டாய வரி 1868-இல் நீங்கிற்று. இத்தகைய தேசத்திலிருந்து வந்த மிஷனெரிமார் தமிழ்ச் சபைகளில் தன்னிச்சையான காணிக்கையை மிகுதியாகவும், பத்திலொன்று என்னும் விதியைக் குறைவாகவும் போதித்ததில் வியப்பில்லை. தம் தாய்நாட்டுக் குடியானவன் வெறுத்த ஒன்றை இங்குள்ள ஏழைக்குச் சட்டமாக்க அவர்களுக்கு மனம் வந்திராது.

இனி மலைநாட்டுக்கு வருவோம். காப்பித் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் கால்நடையாக வந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளருள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காய்ச்சலும் தாகமும் உயிர்குடிக்கும் காட்டுவழியே மாத்தளைக்கு ஏறிவந்த அவர்களுக்கு, மலைமேல் குருவானவரும் இல்லை, ஆலயமும் இல்லை. இந்நிலையில், பக்தியுள்ள தோட்டத் துரைமார் சிலரும் சர்ச் மிஷன் சங்கமும் சேர்ந்து 1854-இல் தமிழ்க் கூலி மிஷன் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அதன் பணவேற்பாடு ஆராயத்தக்கது. மேற்பார்வை செய்யும் மிஷனெரியின் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. தோட்டந்தோட்டமாகச் சுற்றும் உபதேசிமாரின் சம்பளம் துரைமார் அளிக்கும் சந்தாவிலிருந்து வரவேண்டும். உபதேசிமாரையோ திருநெல்வேலிச் சபை அனுப்பியது. திருநெல்வேலியில் ஊழியஞ்செய்து தமிழில் தேர்ந்த செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயர் இப்பணியின் முதல் மேற்பார்வையாளராக வந்தார். துரைமாரின் பணம், இங்கிலாந்தின் குரு, திருநெல்வேலியின் மனிதர் என்று மூன்று ஊற்றுக்கள் கலந்த இவ்வேற்பாட்டில் நான்காவது ஊற்றாகிய தொழிலாளியின் காணிக்கைக்குத் தொடக்கத்தில் இடம் மிகச் சிறிதே. அவன் உபதேசத்தைக் கேட்பவனாக எண்ணப்பட்டானேயன்றி, அதனைத் தாங்குபவனாக எண்ணப்படவில்லை.

பிறர் பணத்தில் நடக்கும் சபைக்கு வரும் சங்கடம் விரைவிலேயே வெளிப்பட்டது. 1876-இல் கொழும்புக்கு வந்த இளம் அத்தியட்சர் ரெஜினால்ட் கோபிள்ஸ்டன், தோட்டங்களில் ஊழியஞ்செய்யும் உபதேசிமார் அந்தந்தப் பகுதிக்குரிய ஆங்கிலச் சாப்ளின்மாரின் அதிகாரத்துக்குட்பட வேண்டுமென்று கருதினார். மிஷனெரிமார் அதற்கு இணங்கவில்லை. சந்தா கொடுத்த துரைமாருள் ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்தவர்களும் இருந்தமையால், பணிக்குரிய பணம் ஒரு சபையாருடையதும் அதிகாரம் மற்றொரு சபையாருடையதுமாக இருத்தல் முறையா என்ற வினா எழுந்தது. அத்தியட்சர் மிஷனெரிமாரின் உத்தரவுப் பத்திரங்களை மீட்டுக்கொள்ளும் அளவுக்கு முற்றிய இவ்விவாதம், இங்கிலாந்தில் காண்டர்பரிப் பேரத்தியட்சர் முதலியோர் தலையிட்டு 1880-இல் கூறிய அபிப்பிராயத்தின் பின்னரே தணிந்தது. இந்நெடிய வழக்கில் கேட்கப்பட்ட குரல்கள் அத்தியட்சரின் குரலும், சங்கத்தின் குரலும், துரைமாரின் குரலுமே. யாருக்காக அந்த மிஷன் ஏற்பட்டதோ அவருடைய குரல் அதில் ஒலிக்கவில்லை; ஏனெனில் அவருடைய பணம் அதில் பெரிதாக இல்லை. பணம் கொடுப்பவனுக்கே பேசும் உரிமை என்னும் உலக வழக்கு சபையிலும் செல்லுபடியாயிற்று.

இதனை மாற்றியது சமய ஞானமன்று, ஒரு பூஞ்சணமே. 1869-இல் தோன்றிய காப்பி இலைநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே அழித்தது. 1884-இல் ஓரியண்டல் பாங்கு முறிந்தபோது பல துரைமார் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். காப்பிச் செழிப்பின் கடைசி ஆண்டுகளில், 1878-இல், டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் போன்ற அழகிய கற்கோயில்களைக் கட்டிய கைகளே சில ஆண்டுகளில் வெறுங்கைகளாயின. மேலும், ஆங்கிலச் சபைக்கு அரசாங்கம் பொதுப்பணத்திலிருந்து அளித்துவந்த மானியத்தை நிறுத்துவதற்கு 1881-இல் சட்டம் இயற்றப்பட்டு, தவணை முடிந்து, 1886 முதல் அது பெரும்பாலும் ஓய்ந்தது. துரையின் சந்தா குறைந்தும் அரசின் மானியம் நின்றும் போன அந்தப் பத்தாண்டில்தான், இலங்கைச் சபையார் தம் சபையைத் தாமே தாங்கவேண்டுமென்னும் உண்மை கசப்பாயினும் தெளிவாகத் தெரிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை காப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டதனால் தொழில் பிழைத்தது. காப்பியைப்போல் சில மாதங்கள் மட்டும் ஆளைக் கேட்காமல் ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கவேண்டிய பயிராதலின், தொழிலாளரும் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் நிலைத்துக் குடும்பமாக வாழலாயினர். வந்துபோகும் கூட்டத்திடம் சபை வரவுசெலவு எதிர்பார்க்க முடியாது. நிலைத்த குடும்பத்திடமே அது முடியும். ஆகவே, மலையகத்தில் கிறிஸ்தவக் குடும்பக் கொடையின் சரித்திரம் மெய்யாகத் தொடங்குவது தேயிலையோடுதான்.

அக்குடும்பத்தின் வரவுசெலவு எத்தகையது? காசாகக் கைக்கு வந்த பகுதி சிறிது. அரிசியைத் தோட்டமே வழங்கி, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து அழைத்துவந்த செலவும், கலியாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய முன்பணமும் பெரிய கங்காணியின் ஏட்டில் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், புதிய தோட்டம் பழைய கடனை ஏற்றுக்கொள்வதாகத் துண்டு எழுதிக் கொடுக்கவேண்டும். இவ்விதம் மனிதன் கடனோடு கைமாறினான். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை, தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதையே அறியாத குடும்பங்கள் மிகப் பல. இத்தகைய குடும்பத்திடம் பத்திலொன்று கேட்டால், எதில் பத்து என்ற கேள்வியே முதலில் எழும். எழுதிய கூலியிலா, அரிசி கழித்த மிச்சத்திலா, கடன் போக எஞ்சியதிலா? ஒருவருக்கும் ஒன்றிலும் கடன்படாதிருக்க வேண்டுமென்று ரோமாபுரிச் சபைக்கு எழுதிய அப்போஸ்தலனின் உபதேசத்தையும் காணிக்கைக் கடமையையும் ஒருங்கே போதிக்க முயன்ற உபதேசியாருக்கு, இக்கேள்வி எளிதாக இருந்திராது.

இங்கேதான் பிடியரிசியின் அருமை விளங்குகிறது. அடுப்பில் உலை கொதிக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது பெண்களின் வழக்கம். திருநெல்வேலிக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்துச் சபைகளிலும் பழகிய இம்முறையை அறிந்தவர்களாகவே உபதேசிமாரும் விசுவாசிகளும் மலையேறினார்கள். ஆனால், ஊரில் அது தன் வயலின் நெல். லயத்துக் காம்பராவிலோ அது தன் பெயரில் ஏற்கெனவே கடனாக எழுதப்பட்ட அரிசி. ஒரு பிடி குறைந்தால் அன்று ஒரு வாய் குறையும். கணக்கப்பிள்ளையின் ஏடு அதனை அறியாது. மேலும், மனைவியின் கூலியையும் கணவனே சம்பள மேசையில் வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தமையால், பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தான் சம்பாதித்த காசின்மீது அதிகாரம் அரிதாயிற்று. அரிசிப் பானையின்மீதோ அவளுக்கு அதிகாரம் இருந்தது. கொடையைப் பற்றிய முடிவு குடும்பத்தின் தலைவனிடமிருந்து அடுப்படிக்கு மாறிய இடம் இது. அளவு சிறிதாயினும், நாள் தவறாமை அதன் பலம். பவுல் சொன்ன வாரந்தோறும் சேர்க்கும் முறையைத் தமிழ்ப்பெண் வேளைதோறும் சேர்க்கும் முறையாக்கினாள். இந்நெறி தமிழர்க்கு மாத்திரம் உரியதுமன்று. மிசோரம் மலைகளில் 1910-இல் கிறிஸ்தவப் பெண்கள் தொடங்கிய பூஃபாய் தாம் என்னும் பிடியரிசி முறை இன்றும் அவர்களுடைய சபைகளின் வருவாய்க்கு முக்கியமான ஆதாரமாக விளங்குகிறது.

பணத்தில் பத்திலொன்று என்றால் எவ்வளவு என்பதையும் ஒரு கணக்கால் தெளிவாக்கலாம். 1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929-இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. அரிசி புசல் ஒன்றுக்கு 6 ரூபாய் 40 சதம் என்ற விலையில் வழங்கப்பட வேண்டுமென்பதும் அதனோடு சேர்ந்த ஏற்பாடு. கணவனும் மனைவியும் மாதத்தில் 24 நாள் வீதம் தவறாமல் வேலை செய்தார்கள் என்று வைத்துக்கொண்டால், அவன் கூலி 12 ரூபாய் 96 சதமும் அவள் கூலி 10 ரூபாய் 32 சதமும் ஆக, மொத்தம் 23 ரூபாய் 28 சதம். அதில் பத்திலொன்று 2 ரூபாய் 33 சதம். அரிசி விலையில் அதனை மதிப்பிட்டால் புசலில் மூன்றிலொரு பங்குக்கு மேல், அஃதாவது ஏறத்தாழப் பத்துக் கிலோ அரிசி. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பல நாள் சோறு அது. துரைக்குப் பத்திலொன்று என்பது ஒரு சுகத்தைக் குறைத்துக்கொள்வது. தொழிலாளிக்கு அது பசியோடு செய்யும் ஒப்பந்தம். விகிதம் சமமாயினும் பாரம் சமமன்று. எனினும், விகிதத்துக்கு ஒரு நன்மையும் உண்டென்பதை மறுக்கலாகாது. மாதம் இத்தனை சதம் என்று சபை விதிக்கும் நிலையான சந்தா, வேலை குறைந்த மாதத்திலும் குறையாது. பங்கோ வரவோடு ஏறி வரவோடு இறங்கும். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்து, கூலி வெட்டப்பட்டு, பல தோட்டங்களில் வேலை நாட்களே குறைந்தபோது, நிலையான சந்தாவின் கடுமையை ஏழைக் குடும்பங்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஆலயக் காணிக்கை ஒன்றே கொடையாக இருந்ததுமில்லை. அவர்கள் பெரும்பான்மையான இந்துக்களிடையே ஒரே லயத்தில், ஒரே இஸ்தோப்பைப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டம் முழுவதும் காசு சேர்க்கும்போது, பக்கத்துக் காம்பராவில் சாவு நேரும்போது, உறவில் கலியாணம் வந்து மொய் எழுதும்போது, அவர்களும் தம் பங்கைக் கொடுக்கவேண்டியிருந்தது. 1927-இல் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கை வந்து மலையகத்திலும் சுற்றியபோது, தோட்டத் தொழிலாளரும் தம் சல்லிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1931-இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியபின், சங்கச் சந்தா என்னும் புதிய கடமையும் சேர்ந்தது. கடவுளுக்கு, அயலானுக்கு, உறவுக்கு, உரிமைப் போராட்டத்துக்கு என்று நான்கு முகமாகப் பிரிந்த இக்கொடையை ஒரு சிறு கூலியினுள் அடக்குவதற்கு எத்தகைய திட்டமிடல் வேண்டும் என்பதை, மாதச் சம்பளக்காரர் எளிதில் உணரமாட்டார். அதற்கு ஈடுசெய்வதுபோல வந்தது ஆண்டிற்கொருமுறை கொண்டாடும் அறுப்பின் பண்டிகை. தேயிலையை எவரும் தம் சொந்த விளைச்சலென்று படைக்க முடியாது. ஆனால், லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு தோட்டத்துப் பூசணியும், கீரையும், கோழியும், முட்டையும் தம்முடையவை. அவற்றைப் பீடத்தின்முன் வைத்துப் பின்னர் ஏலம் கூறும்போது, பெருமைக்காகவும் அன்புக்காகவும் ஒரு முட்டை அதன் விலையைப் பன்மடங்கு தாண்டி ஏறும். பணமில்லாத குடும்பமும் பொருளால் கொடையாளியாவதற்கு வழி செய்த ஏற்பாடு இது.

கொடுப்பவனே சபைக்கு உரியவன் என்னும் உணர்வு தென்னாட்டுக்கு ஈழநாட்டிலிருந்து சென்றதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வெள்ளாளன்விளை வேதநாயகம் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தக் காணிக்கையால் தமிழகத்துத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி ஆதரித்ததைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தார். அதன் பயனாக மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் உண்டாயிற்று. பிற்காலத்தில் தோர்ணக்கல்லின் அத்தியட்சராகி, நிலமற்ற ஏழைகள் நிறைந்த சபைகளில் அவர் போதித்தது, ஏழையிடம் கேட்காதிருப்பது இரக்கமன்று, அவனைச் சிறுமைப்படுத்துவதே என்னும் பாடத்தையே. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் ஒரு தனிநூலும் எழுதினார். துரைமாரின் சந்தாவில் பிறந்த மலையகச் சபைக்கு இப்பாடம் மற்றெவர்க்கும் பொருந்துவதைவிட மிகுதியாகப் பொருந்தும்.

பத்திலொன்று என்னும் விகிதம் கண்டிப்பான நியமமாக மலையகத்தில் ஒலிக்கத் தொடங்கியது பின்னர், பெந்தெகொஸ்தே சபைகளின் வழியாகவே பெரிதும் நிகழ்ந்தது. 1920-களில் இலங்கையில் எழுந்த இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனும், அதைத் தொடர்ந்து பரவிய பிற சபைகளும், அயல்நாட்டுச் சங்கங்களின் பணத்தையோ பழைய சொத்துக்களையோ நம்பி நிற்கவில்லை. விசுவாசிகள் கொடுக்கும் தசமபாகத்தாலும் காணிக்கையாலுமே நடந்தன. தசமபாகத்தை நவீன காலத்தில் மீண்டும் எழுப்பியதில், 1870-களில் சிக்காகோவில் தாமஸ் கேன் என்னும் வணிகர் வெளியிட்டுப் பரப்பிய துண்டுப் பிரசுரங்கள் போன்ற அமெரிக்க முயற்சிகளுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வலை பல சமுத்திரங்களைக் கடந்து வந்தது. இதனால் விளைந்த நன்மை, வரவு எவ்வளவு என்று குடும்பம் எண்ணிப் பார்க்கும் பழக்கம். பத்தைப் பிரிக்க வேண்டுமானால் நூறை முதலில் அறிய வேண்டுமல்லவா? குடியில் கரைந்த கூலி சபையின் கட்டுப்பாட்டால் வீட்டுக்குத் திரும்பியதும் உண்டு. விளைந்த தீமையோ, கொடுத்தால் பன்மடங்கு திரும்பும் என்று வியாபாரம் பேசி, கொடாதவனைச் சாபத்தால் அச்சுறுத்தும் போதகமும் சில இடங்களில் கூடவே வந்தமை. அது அயர்லாந்துக் குடியானவன் எதிர்த்த பழைய வரியைவிட எவ்வகையிலும் உயர்ந்ததன்று.

இதற்கிடையே, 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சபையைத் தாங்கிய குடும்பங்கள் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் பெயர்ந்தன. கப்பலேறிய ஒவ்வொரு குடும்பத்தோடும் ஒரு பிடியரிசியும் சபைக்குக் குறைந்தது. 1975-இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையானபோது, துரைமாரின் பழைய ஆதரவில் எஞ்சியிருந்த மிச்சமும் மறைந்தது. இவ்விரு இடிகளையும் தாங்கிச் சபைகள் இன்றுவரை நடக்கின்றனவென்றால், அதற்குக் காரணம் நூறாண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழகிய வீடுகளே என்பதில் ஐயமில்லை.

இன்றைய குடும்பத்தின் நிலை வேறு, வினா ஒன்றே. நாட்கூலி 2021-இல் 1,000 ரூபாய் ஆயிற்று. மறு ஆண்டே நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் எண்ணெயும் விலையேறி அவ்வுயர்வை விழுங்கின. சம்பளச் சீட்டைப் பார்த்தால், சேமலாப நிதி, தீபாவளி முற்பணத் தவணை, தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, மரணச் சகாய நிதி என்று கைக்கு வருமுன்னரே கழிவன பல. வெளியே கடை நிலுவையும், சீட்டும், அடகு வட்டியும் காத்திருக்கின்றன. கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் வரவில் சேரும்போது, அதிலும் பங்கு எடுப்பதா என்னும் கேள்வி எழுகிறது. இத்தகைய குடும்பத்துக்குச் சரித்திரம் தரும் போதனை, விகிதத்தைவிட வரிசையே முக்கியம் என்பது. மிச்சத்தில் கொடுப்போம் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு மிச்சம் ஒருநாளும் இராது. உலையிலிடுமுன் எடுத்தவளே கொடுத்தாள். ஆகவே சம்பள நாளன்றே, கழிவெல்லாம் போகக் கைக்கு வந்ததை எண்ணி, முதலில் ஒரு சிறு பங்கைக் கொடைக்கென ஒதுக்கி, அப்பங்கினுள் ஆலயத்துக்கு எவ்வளவு, அயலானின் சாவுக்கும் நோய்க்கும் எவ்வளவு என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்வதே தக்கது. வட்டிக்கடனில் மூழ்கிய வீட்டுக்கு அப்பங்கு நூறில் ஒன்றாக இருந்தாலும் இழுக்கில்லை. கடன் குறையக்குறைய அது பத்தை நோக்கி வளரலாம். கொடுப்பதற்காகக் கடன் வாங்குதல் ஒருபோதும் ஆகாது; ஏனெனில் அது பிறன் பணத்தைத் தன் பெயரில் காணிக்கையாக்குவதாகும்.

சபைக்கும் இதில் ஒரு கடமையுண்டு. 1876-இன் வழக்கில் பணம் கொடுத்தவர்களே பேசினார்கள் என்று கண்டோம். இன்று பணம் கொடுப்பவர் தொழிலாளியே. அங்ஙனமாயின் வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் அவர் முன்னிலையில் வாசித்து, அவர் கேட்கும் கேள்விக்குப் பதிலளித்து, சபைக் குழுக்களில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் இடமளிப்பது கருணையன்று, நியாயமாகும். கங்காணியின் ஏட்டைப் புரட்டிப் பார்க்க உரிமையின்றி வாழ்ந்த ஒரு ஜனசமூகத்துக்கு, தான் கொடுத்த காசு போன வழியைத் தானே பார்க்கும் உரிமையையாவது சபை வழங்க வேண்டும். அவ்வுரிமையோடு கூடியபோதுதான் பத்தில் ஒரு பங்கும் பிடியரிசியும் வரியாகாமல் காணிக்கையாக நிற்கும்.